ஆஞ்சியோகிராமுக்குக் காத்திருந்த ஏழு வாரங்கள்

அட்டையில் தேதியை எழுதிக் கொடுத்த மிஸ்ஸி (நர்ஸ்), "பயப்படாதீங்க ஆன்ட்டி, சின்ன வேலைதான்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், அந்த அட்டையை நான் கசக்கிப் பிடித்திருந்தது தெரிந்தது. தேதிக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

எனக்கு வயது 57. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு தையல்கடை வைத்திருக்கிறேன். பிறந்து வளர்ந்தது லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால்மரம் சீவினார், அப்பாவுக்கு மருந்தடிப்பு வேலை. அந்தத் தோட்டம் முழுக்க இப்போது செம்பனை. லயத்தில் இருந்த நாங்கள் டவுனைச் சுற்றியுள்ள தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) குடிவந்து பல வருடம் ஆகிவிட்டது. எனக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) வந்து பதினோரு வருடம்.

போன வருடம் பசாரிலிருந்து மீனும் காய்கறியும் தூக்கிக்கொண்டு வீட்டு மேட்டை ஏறும்போது நெஞ்சு இறுகியது. தாடை வரைக்கும் ஒரு இழுப்பு. நின்றால் சரியாகிவிடும். காற்று என்று நினைத்து இரண்டு மாதம் ஓமத் தண்ணீர் குடித்தேன். அது நான் செய்த தவறு. நடக்கும்போது வந்து, நின்றால் போகிற நெஞ்சு இறுக்கத்தைக் காற்று என்று தள்ளிவிடக் கூடாது என்பதை இதைப் படிக்கும் ஒருவராவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சு வாங்குதலும் மட்டும்கூட வரலாம் என்று பிறகு டாக்டர் சொன்னார். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் நூறு பேரை எடுத்தால் ஏறக்குறைய 31 பேருக்கு இனிப்புநீர் என்று வந்தது. அப்படியென்றால் எனக்கு வந்த இந்த அட்டை நம் வீடுகள் பலவற்றுக்கும் வரும்.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார்த்தேன். இசிஜி எடுத்தார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். அங்கே ஓடும் பட்டையில் நடக்க வைத்தபோது சில நிமிடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருக்கலாம், ஆஞ்சியோகிராம் செய்து பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ உள்ள இரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய ட்யூபை இருதயம் வரைக்கும் கொண்டுபோய், அதன் வழியே ஒரு சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் படம் எடுப்பது. மயக்க ஊசி கிடையாது, விழித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

அன்றிலிருந்து இராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரத் தொடங்கியது. கடிகாரம் வைத்தமாதிரி வரும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். இது இருதயமா, பயமா? அந்தக் கேள்வியே இன்னும் படபடக்க வைக்கும். பக்கத்தில் வீட்டுக்காரர் தூங்குவார், எழுப்ப மனம் வராது. கைப்பேசியை எடுத்து ஆஞ்சியோகிராம் வீடியோ பார்ப்பேன். ஒன்று பார்த்தால் இன்னொன்று வரும். நாலாவது வீடியோ வருவதற்குள் யாராவது ஒருவர் செத்துப்போயிருப்பார். விடியும்வரை அதுதான்.

மூன்றாவது வாரம் கிளினிக்கில் இதைச் சொன்னேன். சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது. அந்த இளம் டாக்டர் சிரிக்கவில்லை. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைக் காட்டி, "நெஞ்சு இறுகினால் உட்காருங்கள், இதை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் 999க்கு அழையுங்கள். அது பயமா, இருதயமா என்று நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டாம், அது எங்கள் வேலை" என்றார். அந்தச் சொல் எனக்குப் பெரிய ஆறுதல். மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு நானே டாக்டராக இருக்க வேண்டியதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு ஒழுங்கு கையில் இருந்தது. உங்களுக்கும் காத்திருக்கும் காலம் நீளம் என்றால், இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள்: இடையில் வலி வந்தால் நான் என்ன செய்ய வேண்டும், எப்போது ஓடி வர வேண்டும்?

வீட்டில் எல்லாரும் "பயப்படாதே" என்றார்கள். அண்ணன் சொன்னார், அண்ணி சொன்னார், கோயிலில் பார்த்தவர்கள் சொன்னார்கள். "நாள் முழுக்க ஊசியோடு இருக்கிறவள், ஒரு ஊசிக்கா பயப்படுகிறாய்?" என்று ஒரு மாமா கேட்டார். அன்போடுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் பயப்படாதே என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வாய் மூடிப்போகும். பயத்தோடு சேர்த்து, பயப்படுகிறோமே என்ற வெட்கத்தையும் சுமக்க வேண்டியதாகிவிடும்.

என் மகள்தான் வேறுமாதிரிக் கேட்டாள். ஈப்போவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். அடுப்படியில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, எதுக்குப் பயமா இருக்கு? சரியா எதுக்கு?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. "எல்லாத்துக்கும்தான்" என்றேன். "எல்லாத்தையும் எழுதுங்க" என்று என் அளவு நோட்டை எடுத்துவந்து கையில் கொடுத்தாள்.

ரவிக்கை அளவு எழுதும் அந்த நோட்டில் அன்று இரவு எழுதினேன். ஊசி வலிக்குமா. இரத்தத்தைப் பார்த்து மயங்கிவிடுவேனா. இடையில் சிறுநீர் வந்தால் என்ன செய்வது. துணி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்களா, ஆம்பளை இருப்பார்களா. தாலியைக் கழற்ற வேண்டுமா. மலாயில் ஏதாவது சொல்லி எனக்குப் புரியாமல் தப்பாக அசைந்துவிட்டால். செலவு. கடையில் எடுத்து வைத்திருக்கும் கல்யாண ரவிக்கைகள். இப்படி இன்னும் சில. பதினொன்றாவதாக, எனக்கே தெரியாமல் கை எழுதியது: கதவு.

அப்பா இறந்தது 1986இல். எனக்குப் பதினெட்டு வயது. காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து வேலைக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். காற்று என்று மருந்து கொடுத்தார்கள். பத்து மணிக்கு மேல் தோட்டத்து லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தள்ளுகட்டிலில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் திறக்கும் கதவு, ஓரத்தில் கறுப்பு ரப்பர் பட்டை. அது மூடி, ஒருமுறை ஆடி, நின்றது. அப்பாவை நான் உயிரோடு பார்த்தது அதோடு சரி. முப்பத்தெட்டு வருடமாக அந்தக் கதவைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. அதை எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஊசிக்கும் ட்யூபுக்கும் எனக்கு இருந்த பயம் கொஞ்சம்தான். அந்தக் கதவு மூடும்போது நான் உள்பக்கம் இருப்பேன் என்பதுதான் மூன்று மணிக்கு என்னை எழுப்பியது.

எழுதியதால் பயம் போகவில்லை. ஆனால் நோட்டில் இருந்த பதினொன்றில் ஏழு, யாரிடமாவது கேட்டால் பதில் கிடைக்கும் கேள்விகள். கேட்காமல் வைத்திருந்ததால்தான் அவை பயமாக இருந்தன. மீதி நாலுக்குத்தான் உண்மையிலேயே தைரியம் தேவைப்பட்டது.

ஆஞ்சியோகிராமுக்கு முன்பு இரத்தப் பரிசோதனைக்கும் விளக்கம் சொல்வதற்கும் ஒரு நாள் கூப்பிட்டார்கள். நோட்டைக் கொண்டுபோனேன். கையெழுத்துப் போடும் தாளை நீட்டினார்கள். முன்பெல்லாம் என்றால் காட்டிய இடத்தில் போட்டுவிடுவேன். அன்று, "படித்துவிட்டுப் போடட்டுமா, தமிழ் தெரிந்தவர் யாராவது இருந்தால் விளக்கச் சொல்ல முடியுமா?" என்று மலாயில் கேட்டேன். குரல் நடுங்கியது. பத்து நிமிடத்தில் ஒரு தமிழ் மிஸ்ஸி வந்தார். தெலுக் இந்தான் பக்கத்துப் பெண், என் மகள் வயது இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். எல்லா இடத்திலும் தமிழ் தெரிந்தவர் கிடைக்கமாட்டார்தான், ஆனால் கேட்காமல் யாரும் கிடைக்கமாட்டார்.

அவர் சொன்னதில் எனக்கு உதவியவற்றை எழுதுகிறேன். மணிக்கட்டு வழியாகத்தான் முதலில் முயற்சி செய்வார்கள், முடியவில்லை என்றால் தொடை. மணிக்கட்டு வழி என்றால் முடிந்ததும் உட்காரலாம், தொடை வழி என்றால் சில மணிநேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். மரப்பு ஊசி போடும்போது எரியும், அது சில நொடிதான். இருதயத்துக்குள் ட்யூப் இருப்பதே தெரியாது, ஏனென்றால் இரத்தக்குழாய்க்கு உள்ளே தொட்டால் உணரும் நரம்பு கிடையாது. சாயம் போகும்போது உடம்பு சூடாகும், சிறுநீர் போய்விட்டதுபோலத் தோன்றும், உண்மையில் போயிருக்காது. இந்த ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளாமல் போயிருந்தால் நான் அங்கேயே கூனிக் குறுகியிருப்பேன். பெரிய ஆபத்துகள் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும் என்றும், அது என்னென்ன என்றும் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. ஒன்றுமே ஆகாது என்று சொல்பவரை நம்புவதைவிட, ஆகக்கூடியதைச் சொல்லி அதற்கு என்ன செய்வார்கள் என்றும் சொல்பவரை நம்புவது எனக்கு எளிதாக இருந்தது.

தாலி விஷயம் கேட்க நாக்கு எழவில்லை. அவரே கேட்டார். "அம்மா, சங்கிலி, மூக்குத்தி, வளையல் எல்லாம் கழற்றணும். எக்ஸ்ரேயில் மறைக்கும். தாலி என்றால் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கட்டிப் போட்டுக்குங்க, உலோகம் இல்லாதவரை இங்கே விடுவாங்க." அவ்வளவுதான். ஐந்து வாரமாக என் நெஞ்சை அறுத்தது அரை நிமிடத்தில் முடிந்தது. இடத்துக்கு இடம் வழக்கம் மாறலாம், அதனால் உங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டிலேயே, நல்ல நேரம் பார்த்து, கணவர் கையால் மஞ்சள் கயிற்றை மாற்றிக்கொண்டு போவதற்கும், வார்டில் யாரோ அவசரப்படுத்த, அழுதுகொண்டே கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நம் பெண்களுக்குத் தெரியும். மூக்குத்தியை முந்தின நாளே நகைக்கடைக்காரரிடம் காட்டிக் கழற்றினேன். இருபது வருடம் கழற்றாதது, நானே முயன்றிருந்தால் புண்ணாகியிருக்கும்.

மயக்கம் வருமா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது, அது என்னை ஆச்சரியப்படுத்தியது. ஒருமுறை வேறொரு இடத்தில் இரத்தம் எடுக்கும்போது நான் மயங்கி விழுந்திருக்கிறேன். "இவ்வளவு பெரிய ஆள்" என்று அங்கே ஒருவர் எரிந்து விழுந்தார். அன்றிலிருந்து அது என் பலவீனம் என்றே நினைத்திருந்தேன். டாக்டர் விளக்கினார்: மற்ற பயங்களில் இரத்த அழுத்தம் ஏறும், அதனால் மயங்குவது அபூர்வம். இரத்தம், ஊசி இவற்றுக்கான பயத்தில் மட்டும் சிலருக்கு முதலில் ஏறிவிட்டுச் சட்டென்று இறங்கும், அதனால்தான் கண் இருட்டுகிறது. இது உடம்பின் அமைப்பு, கோழைத்தனம் இல்லை. அதற்கு வழி, இறுக்கிப் பிடிப்பது. தொடை, பின்பக்கம், வயிறு இவற்றைப் பத்துப் பதினைந்து நொடி இறுக்கி, முகம் சூடாவது தெரிந்ததும் விட வேண்டும். முழுக்கத் தளர்ந்துவிடாமல் அரை நிமிடம் கழித்து மறுபடியும், ஐந்து முறை. இரத்த அழுத்தம் இறங்காமல் பிடித்துக்கொள்ளும். ஊசி போடும் கையை மட்டும் தளர விட வேண்டும், அதை இறுக்கினால் வலி கூடும். இருதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது. எனக்கு, காலை மட்டும் மெதுவாக இறுக்கினால் போதும், மூச்சைப் பிடிக்காதே என்றார்.

அப்புறம் பழக்கம். இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுத்தேன், இதுதான் எனக்கு அதிகம் கைகொடுத்தது.

என் கடையில் துணி வெட்டும் மேசை ஆறடி நீளம். மத்தியானம் இரண்டு மணிக்குமேல் வாடிக்கை குறைவு. இரும்புக் கதவை அரைவாசி இழுத்துவிட்டு, மேசைமேல் மல்லாக்கப் படுப்பேன். வலது கையை ஒரு தலையணைமேல், உள்ளங்கை மேலே பார்க்க நீட்டி வைப்பேன். அசையக் கூடாது. முதல் நாள் நாலு நிமிடம்கூட முடியவில்லை, நெஞ்சு அடைத்தது, எழுந்துவிட்டேன். அடுத்த நாள் ஐந்து. வாரக் கடைசியில் பதினைந்து. வீட்டுக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு, அன்று நடக்கப்போவதை வரிசையாகப் படிப்பார்: "இப்ப கையைத் துடைக்கிறாங்க, குளிரா இருக்கும். இப்ப துணி போர்த்துறாங்க. இப்ப ஊசி." அவர் படிக்கும்போது பயம் வரும். வரட்டும் என்று படுத்தே இருப்பேன். கொஞ்ச நேரத்தில் அலை இறங்குவதுபோல இறங்கும். பயம் இறங்கும்வரை எழாமல் இருந்ததுதான் முக்கியம். உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடிய நாட்களில், மறுநாள் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூச்சுக்கும் ஒரு கணக்கு வைத்தேன். மூக்கால் நாலு எண்ணும்வரை உள்ளே, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும்வரை வெளியே. ஆழமாக மூச்சை இழுங்கள் என்று பலரும் சொல்வார்கள், பயத்தில் இருக்கும்போது இழுத்து இழுத்துத் தலைசுற்றல்தான் வரும். வெளியே விடுவதை நீட்டினால்தான் படபடப்பு குறைகிறது. எனக்கு எண்கள் மறந்துவிடும், அதனால் கைத்தையல் போட்டேன். ஊசி உள்ளே போவது ஒரு மூச்சு, நூலை முழுதாக இழுப்பது ஒரு மூச்சு. உங்களுக்குக் கோலமோ, ஜெபமாலையோ, கந்த சஷ்டி கவசமோ, எது கைக்குப் பழக்கமோ அதில் வைத்துக்கொள்ளுங்கள். பயம் வந்த பிறகு புதிதாகக் கற்க முடியாது, முன்பே பழகியிருக்க வேண்டும்.

இரவுக்கும் ஒரு ஏற்பாடு. சாயங்காலம் ஆறரைக்கு விளக்கேற்றிய பிறகு இருபது நிமிடம் கவலைப்படுவதற்கு என்றே ஒதுக்கினேன். நோட்டை விரித்து எல்லாவற்றையும் எழுதுவேன். மூன்று மணிக்கு விழித்தால், "இது ஆறரைக்கு உள்ளது" என்று சொல்லிக்கொள்வேன். எல்லா நாளும் வேலை செய்யவில்லை. பாதி நாள் செய்தது. கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்தேன், கோப்பியைக் காலை ஒரு வேளையோடு நிறுத்தினேன். ஒரு உறவுக்காரர் தன்னுடைய தூக்க மாத்திரையைக் கொடுக்க வந்தார், வாங்கவில்லை. அடுத்தவர் மாத்திரையை வாங்காதீர்கள், தூக்கமே இல்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கதை சொல்ல வருபவர்களை என்ன செய்வது? "என் நாத்தனாருக்கு இப்படித்தான் ட்யூப் விட்டாங்க, உள்ளேயே..." என்று வீட்டு வாசலிலேயே ஆரம்பிப்பவர்கள் உண்டு. மகள் எல்லாரிடமும், "அம்மா முடிஞ்ச பிறகு பேசுவாங்க, அதுவரைக்கும் எனக்குக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டாள். இதைச் செய்ய ஒரு ஆள் வேண்டும். நாமே சொன்னால் மனத்தாங்கல் ஆகிவிடும்.

ஆனால் ஒரு கதையை மகளே சொன்னாள், அது எனக்குத் துணையாக வந்தது. 1929இல் ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர். இருதயத்துக்குள் ட்யூபைக் கொண்டுபோகலாம் என்று அவர் சொன்னதை மேலதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. அறுவைச் சாமான்களுக்குப் பொறுப்பான நர்ஸ், அதை என்மேல் செய்யுங்கள் என்று முன்வந்தார். அவரை மேசையில் கட்டிப் படுக்கவைத்துவிட்டு, அவருக்குத் தெரியாமல் தன் கையிலேயே வெட்டி, இரத்தக்குழாய் வழியாக 65 சென்டிமீட்டர் ட்யூபை விட்டுக்கொண்டு, அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துப் பார்த்தார். ட்யூபின் முனை இருதயத்தில் இருந்தது. 1956இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நடந்துபோனார் என்பதுதான் எனக்கு முக்கியம். இருதயத்தில் ட்யூபோடு ஒரு மனிதர் நடந்திருக்கிறார் என்றால், நான் படுத்திருக்க முடியாதா?

மகள் இன்னும் இரண்டு வருடங்களைச் சொன்னாள். அடைத்த குழாயைப் பலூன் விட்டு விரிப்பதை 1977இல் சூரிச்சில் தொடங்கினார்கள். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்யலாம் என்று கனடாவில் லூசியன் காம்போ என்ற டாக்டர் எழுதியது 1989இல். அப்பா போனது 1986. அவர் போன கதவுக்குப் பின்னால் அன்று இதெல்லாம் இருந்திருக்காது. எனக்கு இருக்கிறது. அதை நினைத்து அன்று இரவு அழுதேன், ஆனால் அது பயந்த அழுகை இல்லை.

மருந்து, சாப்பாடு இவற்றை அவர்கள் எழுதித் தருவார்கள், அதன்படி நடந்தால் போதும். இரண்டு மட்டும் சொல்கிறேன். இனிப்புநீர் மாத்திரையை, குறிப்பாக மெட்ஃபார்மினை, எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று கட்டாயம் கேளுங்கள், சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துச் சொல்வார்கள். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கஷாயம், லேகியம், ஜாமு (மலாய் மூலிகை மருந்து) எது சாப்பிட்டாலும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

அந்த நாள் வந்தது. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, பட்டினியோடு போய், உடை மாற்றிக் கட்டிலில் காத்திருந்தேன். மத்தியானம் ஒன்றரைக்கு வந்து, அவசர நோயாளிகள் வந்துவிட்டார்கள், இன்று முடியாது, ஒன்பது நாள் கழித்து வாருங்கள் என்றார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, நெஞ்சுவலியோடு வந்தவர்தான் முதலில் போக வேண்டும். ஆனால் ஏழு வாரம் கட்டிய தைரியம் அந்த ஒரு வார்த்தையில் சரிந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவில்லை. தேதி தள்ளிப்போகலாம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவ்வளவு உடைந்திருக்கமாட்டேன், அதனால் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். மறுநாள் மத்தியானம் மறுபடியும் மேசைமேல் படுத்தேன். பத்து நிமிடம்தான் முடிந்தது. சரி, பத்து.

இரண்டாவது முறை போனபோது ஒரு காரியம் செய்தேன். வார்டு மிஸ்ஸியிடம் கதவைப் பற்றிச் சொன்னேன். அவர் மலாய்க்காரர். எனக்குத் தெரிந்த மலாயில், அப்பா அப்படி ஒரு கதவுக்குள் போய் வரவில்லை, அந்தக் கதவு மூடும்போது எனக்கு மூச்சு முட்டும் என்றேன். அவர் என் தோளைத் தொட்டு, சரி ஆன்ட்டி என்றார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது வீட்டுக்காரரைக் கதவுவரை கூடவே வரச்சொன்னார். உள்ளே போகுமுன் நிறுத்தி, கட்டிலைத் திருப்பினார். கால் பக்கம் முதலில் போகாமல், என் தலை முதலில் உள்ளே போனது. அதனால் கதவு மூடும்வரை வீட்டுக்காரர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கையைத் தூக்கிக் காட்டினார். கதவு மூடி, ஒருமுறை ஆடி, நின்றது. மூச்சு முட்டவில்லை.

உள்ளே கடும் குளிர். போர்வை கேட்டேன், கொடுத்தார்கள். அறையிலிருந்த எல்லாரும் பெயர் சொல்லிக் கேட்டுச் சரிபார்த்தார்கள். தேவைப்பட்டால் பதற்றம் குறைய ஊசி வழியாகக் கொஞ்சம் மருந்து தரலாம் என்றார் டாக்டர். முதலில் நானாக முயல்கிறேன், வேண்டுமென்றால் கேட்கிறேன் என்றேன். கேட்கலாம் என்ற கதவு திறந்திருந்ததே போதுமாக இருந்தது. வலித்தால் பேசலாம், அசையக் கூடாது, இடது கை விரலைத் தூக்கினால் நிறுத்திக் கேட்பேன் என்றார்.

மரப்பு ஊசி எரிந்தது. நூலை இழுத்தேன், மனதில்தான். தொடையை மெதுவாக இறுக்கினேன். அப்புறம் முழங்கை பக்கம் ஒரு இழுப்பு, பிடித்துப் பிசைவதுபோல. விரலைத் தூக்கினேன். உடனே நிறுத்தினார். குழாய் சுருங்கிப் பிடிக்கிறது, மருந்து தருகிறேன் என்றார். ஒரு நிமிடத்தில் தளர்ந்தது. நான் விரலைத் தூக்கினால் அவர் நிற்கிறார் என்று தெரிந்த பிறகு, மறுபடி தூக்க வேண்டியிருக்கவில்லை.

திரும்பி அவர் கையைப் பார்த்தேன். இரண்டு விரலால், அழுத்தமே இல்லாமல் கம்பியை நகர்த்திக்கொண்டிருந்தார். அம்மா ஞாபகம் வந்தது. அம்மா மரத்தில் கத்தி வைக்கும்போது பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவுவார். கொஞ்சம் ஆழம் போனால் மரத்தில் காயம் விழும், மேலாகச் சீவினால் பால் வராது. விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரத்தில் அந்தக் கை தப்பாது. அந்தமாதிரிக் கை என்று நினைத்தேன். சாயம் போனது, சொன்னபடியே உடம்பெல்லாம் சூடு, சொன்னபடியே அந்த உணர்ச்சி. தெரிந்த ஆளைப் பார்த்ததுபோல இருந்தது. இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மணிக்கட்டில் காற்றடைத்த பட்டை கட்டினார்கள். சில மணிநேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினார்கள். வார்டில் மீலோவும் ரொட்டியும் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டு முடித்ததும் உடம்பு நடுங்க ஆரம்பித்தது, காரணமில்லாமல் அழுகை. பிடித்து வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் இறங்கியது. ஏதோ தப்பாகிவிட்டது என்று வீட்டுக்காரர் பயந்து மிஸ்ஸியைக் கூப்பிட்டார். அவர் பட்டையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, பலருக்கு இப்படித்தான் என்றார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் தூங்கினேன். அந்தக் கையால் ஒரு வாரம் எடை தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், கத்தரிக்கோலைக்கூட எடுக்கவில்லை.

ஒரு குழாயில் பெரிய அடைப்பு. ஆறு வாரம் கழித்து மறுபடி போய், குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பி வலையை வைத்துக்கொண்டேன். அப்போதும் பயம் வந்தது. மூன்று மணி விழிப்பும் வந்தது, ஆனால் நாலு நாள்தான். இப்போது வீட்டு மேட்டை நிற்காமல் ஏறுகிறேன்.

போன மாதம் எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டு அக்காவுக்கு அதே அட்டை வந்தது. பயப்படாதீங்க என்று என் வாய்வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு, "எதுக்குக்கா பயமா இருக்கு?" என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். அளவு நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். நேற்று மத்தியானம் கடைக்கு வந்தார். இரும்புக் கதவை அரைவாசி இழுத்துவிட்டு மேசையைத் துடைத்துக் கொடுத்தேன். ஏழு நிமிடம் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்து, கழுத்தில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மஞ்சள் கயிறு என்கிட்ட இருக்குக்கா," என்றேன். "எடுத்து வைக்கிறேன்."